ஆட்டம் மாறியவர்கள்

வேல்ஸ் ரக்பி அணியின் தலைவராயிருந்த ஜோனதன் டேவிஸ், 1989 ஜனவரியில், 15 பேர் ஆடும் யூனியன் ஆட்டத்தை விட்டு 13 பேர் ஆடும் லீக் ஆட்டத்துக்குப் போனார். பணத்துக்காகத்தான். லீக்கில் பணம் பெற்று ஆடியவனுக்கு யூனியனில் மறுபடி இடமில்லை என்பது அன்றைய விதி.

இரண்டும் பிரிந்தது 1895இல். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைப்பவன் ஆட வந்தால் இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டுமென்று வட இங்கிலாந்துக் கிளப்புகள் கேட்டன, யூனியன் மறுத்தது. ஒருநாள் கூலி போனால் குடி முழுகாதவர்கள் வகுத்த தர்மம் அது.

நம் பக்கத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனும் ஆட்டம் மாறியவர்தான். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர், தோல் பந்துக்கு மாறினார். 2015இல் அவர் பந்துவீசும் முறைமீது சந்தேகம் எழுந்தது, திருத்திக்கொண்டு மீண்டார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அவர் விலை 3 கோடி ரூபாய். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். டென்னிஸ் பந்துக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இருவரும் பணம் பெற்றார்கள். ஆனால் நடராஜன் போனது கனவான்களின் ஆட்டத்துக்கு. டேவிஸ் போனது தொழிலாளிகளின் ஆட்டத்துக்கு. மேலே போனால் முன்னேற்றம், கீழே போனால் துரோகம். 1995 ஆகஸ்டில் யூனியனே பணம் கொடுக்கலாமென்று தீர்மானித்தது. அவ்வாண்டே டேவிஸ் திரும்பினார். ஒரு கூட்டத்தின் தீர்மானத்தில் கரைந்துவிடும் பாவம் எந்த வகைப் பாவம்?

பணம் எதையும் கெடுக்காது என்று நான் வாதிக்கவில்லை. கெடுத்ததா என்பதை ஆட்டத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கரைத்தான் நடராஜன் தோல் பந்திலும் போட்டார்.

இதை எழுதக் காரணம் வேறு. எங்களோடு கவிதை எழுதிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதப் போனார். 'விலைபோய்விட்டான்' என்று முதலில் சொன்னவன் நான். சிறுபத்திரிகையில் காசு வாங்காமல் எழுதுவதை ஒழுக்கமென்று நினைத்திருந்தேன். என் ஒழுக்கத்துக்கான செலவை மாதாமாதம் வங்கி கொடுத்துவருகிறது. அவருக்கு அப்படியொரு வங்கி இல்லை.

அவர் எழுதிய வசனத்தில் ஒரு வரியைக்கூட நான் இன்னும் கேட்டதில்லை.