வாயில்லா உயிரின் நோயும் வினையும்

எட்டயபுரத்துச் சைவ அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்துள்ளார். அவர் இல்லத்திற் கன்று முதல் வளர்ந்த பசுவிற்குத் தோல் கழலை நோய் கண்டது. அது மேனியெங்குங் கட்டிகள் எழுந்து, காய்ச்சலாற் புல்லையும் வெறுத்து நிற்கின்றது. அதனைப் பேணிவரும் நாளில் தங்கழுத்திலும் ஒரு கட்டி தோன்ற, அன்பர் மருத்துவரை அணுகினர். அவர் சிறிது தசையெடுத்துச் சோதித்துள்ளார். முடிவு இன்னும் வந்திலது. அயலார், “எசமானுக்கு வந்த கண்டத்தை மாடு வாங்கிக்கொண்டது” என்று தேற்றுகின்றனராம். “அடியேன் வினையை அவ்வாயில்லா உயிரோ சுமப்பது? அது மாய்ந்து அடியேன் பிழைப்பதும் ஓர் ஆறுதலோ?” என்று அன்பர் வினவுகின்றார். இவ்வினா நம் நெஞ்சை உருக்கிற்று.

அன்பரே, முதற்கண் ஓர் அச்சத்தை ஒழிமின். இந்நோய் மாட்டினின்று மக்களைப் பற்றுவதன்று. 2019-இல் நம் நாட்டிற் புகுந்து, 2022-இல் கூர்ச்சரத்தும் இராசத்தானத்தும் எண்ணிறந்த ஆக்களை மாய்த்த இது, ஈ, கொசு, உண்ணி முதலியவற்றாற் பரவுவது. நும் கழுத்திலுள்ள கட்டி வேறு. அதன் இயல்பை மருத்துவரே கூறவல்லார்.

இனி நும் வினாவிற்கு வருவோம். ஓருயிரின் வினையை மற்றோருயிர் வாங்கிக்கொள்ளுமோ எனின், கொள்ளாதென்பதே நம் சித்தாந்தத் துணிபு. வினை அறிவற்ற சடம்; அது தானே ஒருவனை விட்டு மற்றொருவனைச் சென்று பற்றமாட்டாது. செய்த உயிரை அறிந்து, அதன் பயனை அவ்வுயிர்க்கே கூட்டுவோன் முற்றறிவினனாகிய இறைவன் ஒருவனே. அவன் கணக்கில் ஆள்மாறாட்டம் இல்லை. ஆதலின் நும் கண்டம் பசுவின்மேற் சென்றதுமன்று. நும் பொருட்டு அது நோகின்றதுமன்று. அக்குற்ற வுணர்வை இன்றே இறக்கி வைம்மின்.

அற்றேல், நன்று தீது அறியாத பசு நோவானேன் எனின், உயிர் இவ்வுடம்போடு தொடங்கியதன்று. பல பிறவியில் ஈட்டியவற்றுள் இப்பிறவிக்கு முகந்து கொண்ட பிராரத்தமே அஃது இன்று நுகர்வது. மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறியுஞ் சில நோயை மருந்தூட்டியுந் தீர்ப்பதனைச் சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரம் உவமையாகக் காட்டும். ஆதலின் நோவும் பகையன்று; வினை கழிக்கும் அருளின் மறப்பகுதியே.

அங்ஙனமாயின், “அதன் வினையை அது நுகர்க” என்று வாளாவிருத்தல் தகுமோ? தகாது. சாத்தனூரில் ஆயனாகிய மூலன் இறந்து கிடக்க, அவனைச் சூழ்ந்து மோந்தும் கதறியும் நின்ற ஆக்களைக் கண்ட யோகியார், அவை தம் வினையை நுகர்கின்றன என்று கடந்து போயினாரல்லர். தம்முடலை விட்டு மூலனுடலிற் புகுந்து அவற்றின் துயர் துடைத்தார், திருமூலராயினார். பிறவுயிரின் வினையை ஆராய்தல் நம் பணியன்று. அதன் துன்பத்திற்கு இரங்குதலே நம் பணி.

நும் ஊரிலேயே ஒரு சான்றும் உண்டு. 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில், அரண்மனை யானை பாகர்க்கு அடங்காது சுடுகாடு நோக்கி ஓடிற்றென்றும், அதனைத் தமக்கு வருங்கேட்டின் குறியென மன்னர் அஞ்சினரென்றும், முத்துச்சாமி தீட்சிதர் யாதொரு தீங்கும் வாராதெனத் தேற்றினரென்றும் கூறுவர். அன்றே தீட்சிதர் இறைவனடி சேர்ந்தனர். தம்முயிர் நீங்கும் நாளிலும் பிறர்க்கு அவர் அளித்தது அஞ்சாமை. விலங்கின் துன்பத்தில் நம் விதியைப் படித்து நடுங்குவது அம்மன்னர்க்கும் வேண்டாததாயிற்று; நுமக்கும் வேண்டா.

ஆதலின் அன்பரே, பசுவை மற்றை ஆக்களினின்று பிரித்து நிறுத்தி, மாலையில் வேப்பிலைப் புகையிட்டு, கால்நடை மருத்துவர் சொற்படி மருந்தூட்டுமின். வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து, வெல்லங் கூட்டிச் சிறிது சிறிதாக நாவில் தடவுவதும் ஒரு முறை. நும் சோதனை முடிவையும் நாள் கடத்தாது சென்று கேண்மின். அது நல்லதாயின் ஐயனைத் தொழுமின். அன்றாயின் அன்றே மருத்துவந் தொடங்குமின். மருந்தும் அவன் அருளே. பசு பிழைப்பின் மகிழ்மின். பிழையாதாயின், அது நுமக்காக மாண்டதென்று ஒருநாளும் எண்ணற்க. நீவிரும் அதுவும் ஒரு பதியின் காவலிலுள்ள பசுக்களே. திருநீறிடும்போது அதன் நெற்றியிலும் சிறிது இடுமின்.

திருச்சிற்றம்பலம்.