அடிமனை

ஃப்ளோரிடாவில் இருக்கும் நண்பன் போன மாதம் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டான். "கடலுக்குப் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன்டா. ஃபேக்டரியில செஞ்சு, ரெண்டு துண்டா லாரியில கொண்டுவந்து எறக்கினது. விலை ரொம்பக் கம்மி. வாங்கலாமா?"

"நிலம்?"

"நிலம் பார்க் ஓனருது. மாசாமாசம் வாடகை."

இதற்கு நம்மூரில் பழைய சொல் ஒன்று உண்டு: அடிமனை. கோயில் நிலத்தில் வீடு கட்டியவருக்குச் சுவரும் கூரையும் சொந்தம், தரை சாமிக்குச் சொந்தம். பிறர் மண்ணில் கட்டியவர்களுக்காகவே சென்னையில் 1921ல் ஒரு சட்டம் வந்தது. காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு இழப்பீடு கேட்கலாம். நீதிமன்றம் மூலம் அந்த மண்ணையே விலைக்கும் கேட்கலாம். 1996ல் கோயில் நிலங்களுக்கு அது பொருந்தாது என்று திருத்தினார்கள். சாமி சொத்தைக் காப்பதும் நியாயம்தானே என்றால், நியாயம்தான். ஒரு நியாயம் இன்னொன்றின் மேல் வீடு கட்டியிருப்பதுதான் இங்கே சிக்கல்.

அந்த அமெரிக்க வீடுகளை முன்பு 'மொபைல் ஹோம்' என்றார்கள். ஆனால் புயலுக்காக மண்ணோடு இழுத்துக் கட்டிய வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போக ஆகும் செலவுக்குப் பயந்து யாரும் போவதில்லை. அதனால் வாடகை ஏறும்போது 'பிடிக்கலைன்னா போ' என்பது வெறும் வாய்வார்த்தை. நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நினைத்தால், ஃப்ளோரிடா சட்டப்படி உரிமையாளர் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும். "தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்கலாம். ஒப்பந்தம் என்பதில் எனக்கும் மரியாதை உண்டு.

ஆனால் நண்பன் அடுத்துச் சொன்ன விஷயம் என்னை யோசிக்க வைத்தது. "இது எல்லா வயசுக்காரங்களும் இருக்கலாம்டா. பாப்பா ஓடி விளையாடலாம்." அங்கே குழந்தைகள் உள்ள குடும்பங்களை ஒதுக்கக் கூடாது என்று 1988ல் சட்டம் வந்தது. நூற்றுக்கு எண்பது வீடுகளில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருக்கும் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்ட முதியோர் குடியிருப்பில் கையெழுத்துப் போட்டவரின் ஆயுளோடு கணக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். எல்லா வயதினரும் இருக்கும் இடத்தில், கையெழுத்துப் போடாத ஒருத்தி வளர்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தெரு அதுதான். ஒப்பந்தம் அவளை எப்படிக் கட்டும்?

எங்கள் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் கீழ் வாழ்ந்தார்கள். 1976ல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. 2006 வன உரிமைச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்குத் தரும் பட்டா விசித்திரமானது: பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும். நண்பனின் வீடு இதற்கு நேரெதிர். விற்கலாம், ஆனால் மகள் அங்கேயே இருப்பாள் என்ற உறுதியைத் தர முடியாது.

மலைப் பட்டாவை நான் புனிதப்படுத்தவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் தேவைப்படும் தகப்பனுக்கு, விற்க முடியாத நிலம் கைவிலங்காகத் தோன்றும். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. 'சொந்தம்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு ஆசைகள் ஒளிந்திருக்கின்றன: போக முடிவது, இருக்க முடிவது. சந்தை முதலாவதைத்தான் விலை போடுகிறது. குழந்தைக்கு வேண்டியது இரண்டாவது.

மறுநாள் நண்பனைக் கூப்பிட்டேன். "வீட்டு விலையை விடு. அங்க குடியிருக்கறவங்க சங்கம் இருக்கான்னு கேளு. பார்க்கை விக்க வந்தா, சங்கத்துக்கிட்டயும் ஓனர் சொல்லியாகணும்னு உங்க மாநிலச் சட்டத்துல இருக்கு. எல்லாரும் சேர்ந்து மண்ணை வாங்கிக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "பாப்பா ஏற்கனவே ஜன்னல் பக்கத்து ரூம் தனக்குன்னு சொல்லிட்டாடா" என்றான்.