கணக்கும் சேவையும்

மிகப் பலருக்கு மிகுந்த நன்மை விளைவிக்கும் செயலே அறம் என்பது பயன்வாதக் கொள்கை. இங்கிலாந்தில் பெந்தாமும் (1748–1832), அவருக்குப்பின் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் (1806–1873) இதனை வலியுறுத்தினர். மருத்துவத்தில் இக்கொள்கைக்கு உரிய இடம் உண்டு. தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளின் ஏழை மக்கள் நம்பியிருக்கும் மும்பை மாநகராட்சி மருத்துவமனைகளில், ஒரே வேளையில் பலர் வந்து சேரும்போது யாரை முதலில் கவனிப்பது என்று செவிலியர் கணக்கிட்டே ஆக வேண்டும். அந்தக் கணக்கும் கருணையின் வடிவமே.

ஆனால் கணக்கு எட்டாத இடமும் உண்டு. அதனைப் பரேலில் உள்ள கே.ஈ.எம். மருத்துவமனையின் செவிலியர் காட்டினர். அங்குப் பணியாற்றிய அருணா ஷான்பாக் என்ற இளம் செவிலியர், 1973 நவம்பர் 27 அன்று ஊழியன் ஒருவனின் கொடிய தாக்குதலால் மூளை பாதிக்கப்பட்டுச் செயலற்றுப் போனார். 1980-களில், அவரது படுக்கையைப் பிற நோயாளிகளுக்கு அளிக்கும்பொருட்டு அவரை வெளியேற்ற மாநகராட்சி இருமுறை முயன்றது. செவிலியர் போராடித் தடுத்தனர்.

அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்ற மனுவை 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மீள வழியற்ற நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியுடன் விலக்கலாம் என அத்தீர்ப்பு நெறி வகுத்தது. எனினும் அருணாவுக்காக முடிவெடுக்க உரியவர்கள் அவரைப் பேணிவரும் மருத்துவமனையினரே என்றது. இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் வராததையும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். 2015 மே 18 அன்று அவர் மறைந்தார்.

அந்தப் படுக்கை கிடைக்காமல் திரும்பியவரும் இறைவடிவம்தானே என்று கேட்கலாம். ஆம். அவருக்கு வேறொரு படுக்கை அமைத்துத் தருவது சமுதாயத்தின் கடமை. அதற்காகப் பேச இயலாத ஒருவரை அப்புறப்படுத்துவது கடமையாகாது.

அந்தச் சேவையால் செவிலியரின் மன உறுதி வளர்ந்தது, அதுவும் பயனே என்று பயன்வாதிகள் கூறக்கூடும். ஆனால் மன உறுதியை வளர்ப்பதற்காகவா அவர்கள் உணவூட்டினர்? அந்நோக்கத்துடன் செய்திருந்தால் அப்பயன் விளைந்தே இராது. தோழமை மட்டுமே காரணம் என்றும் சொல்ல இயலாது. தாக்குதல் நடந்தபோது பிறந்தேயிராத செவிலியரும் அவரைப் பேணினர்.

ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்யுமாறு ஸ்ரீராமகிருஷ்ணர் உபதேசித்தார். நன்றி சொல்லவோ நலம் பெறவோ இயலாத உடலிலும் சிவனைக் காண்பதே அதன் உரைகல். பகிர்ந்தளிக்கும்போது கணக்கிடுவோம், பணிவிடை செய்யும்போது கணக்கை மறப்போம். இவ்விரண்டின் வேறுபாட்டை அறிவதே விவேகம்.