பிடித்து விடும் மீன்

மீனைத் தூண்டிலில் பிடித்து, தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவது பாவமா? தின்பதற்காகக் கொல்வதைவிட அது மேலா, கீழா? ஆவணி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கிளப்பியவன் என் தம்பி மகன். பொங்கல் விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு எல்லோரும் அந்தமான் போக வேண்டும் என்பது அவன் திட்டம். போர்ட் பிளேர் வரை விமானம். அந்த ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். ராதாநகர் கடற்கரையில் குழந்தைகள் விளையாடட்டும், பெரியவர்கள் உட்காரட்டும், ஒருநாள் முழுக்கத் தனிப்படகு எடுத்து நடுக்கடலில் தூண்டில் போடலாம் என்கிறான். பிடிக்கிற மீனைத் தின்பதற்கில்லை. விட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அந்தப் படகுக்காரர்கள் பெரிய தொகை வாங்குகிறார்கள்.

இந்தப் பேச்சில் நான் ஏன் இவ்வளவு அழுத்தமாக நிற்கிறேன் என்றால், நாங்கள் பர்வத ராஜகுலம். ஏரியிலும் ஆற்றிலும் மீன் பிடித்துப் பிழைத்த செம்படவர்கள். எங்கள் ஊர் அண்ணாமலையில், கார்த்திகை மகாதீபத்தன்று 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் நெய் வார்த்து, திரி போட்டு, தீபம் ஏற்றுகிற உரிமை வழிவழியாக எங்கள் குலத்தாருக்குத்தான். கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து ஆடிய அந்தக் கணத்தில், மேலே நெருப்பை வைப்பது வலை இழுத்த பரம்பரையின் கை. சின்ன வயதில் இது எனக்குப் பெருமையாக மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்த ஆரம்பித்து, திருக்குறளை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது, அது ஒரு கேள்வியாகவும் ஆகிவிட்டது. உயிர் எடுத்து வாழ்ந்தவர்களின் கையில் இந்த ஊர் ஏன் தன் விளக்கைக் கொடுத்தது?

திட்டத்தில் எனக்கு எதிர்ப்பு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சிலருக்கு ஊரைவிட்டு உல்லாசமாகப் போவதே பிடிக்காது. உலகமே அண்ணாமலையைத் தேடி வருகிறது, இங்கிருப்பவர்களுக்கு வேறெங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். ரமணரைக் காட்டுவார்கள். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக வந்து இறங்கியவர், 1950 ஏப்ரலில் உடலை விடும்வரை இந்த மலையடியைத் தாண்டவில்லை. உண்மைதான். ஆனால் அது அவர் நிலை. அண்ணாமலையாரையே பாருங்கள். தை மாதத்தில் மணலூர்ப்பேட்டைக்குப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி காண்கிறார். ரதசப்தமிக்குக் கலசப்பாக்கம் போய்ச் செய்யாற்றில் இறங்குகிறார். தீபம் முடிந்ததும் ஐயங்குளத்தில் மூன்று நாள் தெப்பல். முதல் நாள் சந்திரசேகரர், அடுத்த நாள் பராசக்தி, மூன்றாம் நாள் முருகர். அலங்காரத்தோடு, விளக்கு வெளிச்சத்தில், அவசரமில்லாமல் குளத்தைச் சுற்றிச் சுற்றி வருவதை வேறு என்னவென்று சொல்வது? தண்ணீர்மேல் மிதந்து ஓய்வெடுப்பதைச் சாமிக்கே உபசாரமாக வைத்த ஊர் இது. மனிதர்கள் நாலு நாள் கடலோரம் போய் உட்காருவதில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் தூண்டிலில்தான்.

தம்பி மகன் தன் பக்கத்தை நன்றாகவே பேசுகிறான். "அத்தே, தாத்தா பிடிச்சதெல்லாம் செத்துச்சு. நான் பிடிக்கறது எல்லாம் உயிரோட திரும்பிப் போவுது. எது மேல்?" கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரி. என் அப்பா சாத்தனூர் அணையில் பரிசல் தள்ளியவர். தென்பெண்ணைக்குக் குறுக்கே அந்த அணை கட்டி முடிந்தது 1958-இல். நீர் 119 அடிவரை நிற்கும். கட்லா, ரோகு, கெண்டை, கெளுத்தி என்று அவர் கரைக்குக் கொண்டுவந்த கூடைகளைக் கணக்கிட முடியாது. அந்த மீன் விற்ற பணத்தில்தான் நான் படித்தேன். அதில் ஒரு மீனும் திரும்பிப் போகவில்லை.

அவை நோகாமல் செத்தன என்றும் சொல்ல முடியாது. வலையில் ஏறிய மீன் காற்றில் மூச்சுத் திணறித்தான் சாகும். விரால் இன்னும் கொடுமை. தண்ணீரைவிட்டு எடுத்தாலும் லேசில் சாகாது, உயிரோடு துள்ளினால்தான் விலை. அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று நெளிய நெளியச் சந்தைக்குப் போகும். மீனுக்கு வலி தெரியாது என்று எங்கள் ஜனம் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளும். உலகம் முழுக்கத் தூண்டில்காரர்களும் அதையே சொல்கிறார்கள். 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெட்டனும் அவரோடு வேலை செய்தவர்களும் டிரௌட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் தீனியைத் தொடாமல் கிடந்தன. சில மீன்கள் உதட்டைத் தொட்டியின் அடியில் கிடந்த கூழாங்கல்லில் தேய்த்தன. வலியைக் குறைக்கும் மருந்து கொடுத்தபோது அந்தத் தேய்ப்பு குறைந்தது. இதை ஏற்காத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். எனக்கு, உதட்டைக் கல்லில் தேய்க்கிற மீன் போதும்.

அப்படியானால் வலியை வைத்து எங்கள் தொழிலுக்கு மேன்மை தேட முடியாது. வள்ளுவரும் விடமாட்டார். புலால் மறுத்தல் அவருக்கு 26-ஆம் அதிகாரம், கொல்லாமை 33. இரண்டிலும் என் அப்பாவுக்கு இடமில்லை. மீன் வாங்கிக் குழம்பு வைக்கிற எனக்கும் இல்லை. அந்தத் தீர்ப்பை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. வகுப்பிலும் மழுப்பியதில்லை. ஆனால் கொல்லாமைக்கு நேர் முன்னால், 32-ஆவதாக, இன்னா செய்யாமை என்று தனியாக ஓர் அதிகாரம் நிற்கிறது. உயிர் போகாவிட்டாலும், துன்பம் செய்வதே குற்றமாக எண்ணத் தகுந்தது என்று அதைத் தனித்து வைத்தவர் அவர். சாகவில்லையே என்ற ஒரே காரணத்தால் ஒரு செயல் சுத்தமாகிவிடாது. தம்பி மகனின் மீன் 33-இலிருந்து தப்பிக்கிறது. 32-இல் மாட்டுகிறது.

அவன் அடுத்து எடுத்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. "அதிபத்தர்கூடப் பிடிச்சித்தானே விட்டாரு?"

அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்து நுளைப்பாடியின் பரதவர். சேக்கிழார் பாடிய அறுபத்து மூவரில் ஒருவர். அன்றன்று வலையில் வருவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரு கட்டத்தில் நாளைக்கு ஒரே மீன்தான் கிடைத்தது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. உடம்பு இளைத்தது, விடுவது நிற்கவில்லை. கடைசியில் ஒருநாள் மணி பதித்த பொன்மீன் ஒன்று வலையில் ஏறியது. உலகம் பெறும் அதையும் இறைவனுக்கென்று விட்டார். இப்போதும் ஆவணி ஆயில்யத்தில் நாகையில் பொன்னில் செய்த மீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது. எங்கள் தொழிலிலிருந்து போன நாயனார் என்பதால் அப்பா இந்தக் கதையைச் சொல்லாத வருடம் இல்லை.

பிடித்தார், விட்டார். கை செய்தது ஒன்றேதான். ஆனால் அதிபத்தர் விட்ட மீன் அவருடைய அன்றைய சோறு. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அதைத் தண்ணீரில் போட்டார். விடும்போது அவரிடமிருந்து ஒன்று போனது. உல்லாசத் தூண்டில்காரன் விடும் மீன் அவனுக்கு ஏற்கெனவே தேவையில்லாதது. அவனுக்கு வேண்டியதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டான். என்ன எடுத்தான்? தம்பி மகனே அதைச் சொன்னான். பெரிய பாறை மீன் தூண்டிலில் மாட்டினால் நரம்பை இழுத்துக்கொண்டு அடியில் பவளப்பாறைக்குள் ஓடுமாம். அரை மணி நேரம்கூடப் போராடுமாம். எவ்வளவு போராடுகிறதோ அவ்வளவு மதிப்பாம். சோர்ந்துபோய் உடனே மேலே வந்துவிடும் மீனுக்கு யாரும் ஆசைப்படுவதில்லையாம். சொல்லும்போது அவன் கண் மின்னியது. எனக்கு அந்த இடத்தில்தான் மனசு நின்றது. அங்கே காசு கொடுத்து வாங்குவது மீனை அல்ல. அதன் பயத்தை.

பெரிய மீன் ஏறினால் அப்பாவுக்கும் சந்தோஷம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். பரிசலில் எழுந்து நின்று கரைக்குக் கை காட்டுவார். ஆனால் அந்த மகிழ்ச்சி மீன் கிடைத்ததில் இருந்தது. துடித்ததில் இல்லை. துடிப்பு சீக்கிரம் அடங்க வேண்டும் என்றே பார்ப்பார். தூண்டிலில் வந்த கெளுத்தியை நாங்கள் பிள்ளைகள் நரம்போடு தண்ணீரில் விட்டு இழுத்து விளையாடினால் முதுகில் அடி விழும். "தின்னப்போறியா, அடி. தின்னலியா, விடு" என்பார். பாவத்தோடு வாழ்வதற்கு அவர் வைத்திருந்த வரம்பு அது. அவர் வள்ளுவரைப் படித்ததில்லை. வள்ளுவருக்கு அந்த வரம்பு போதாது. ஆனாலும் வரம்பே இல்லாமல் இருப்பதற்கும் அதற்கும் தூரம் அதிகம். விரதம் இருந்து மலை ஏறி நெய் வார்க்கும் கைக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: உயிர் எடுப்பதன் கனத்தைத் தினமும் அறிந்த கை அது.

மதுரைத் திருவிளையாடல் கதையிலும் சிவன் வலைஞராக வந்து வலை வீசுகிறார். சுறாவாகக் கடலைக் கலக்கி, பரதவர்களை ஓடவிட்ட நந்தியைப் பிடிக்கிறார், பரதவர் மகளாகப் பிறந்த அம்மையை மணக்கிறார். அங்கேயும் வலைக்கு ஒரு காரணம் இருந்தது.

இது நம்மூர்க் கட்டுப்பெட்டித்தனம் என்று நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதி, திரும்ப விடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடுக்கிறது. ஜெர்மனியின் சட்டம் ஒரு விலங்குக்கு வலி கொடுக்க நியாயமான காரணம் கேட்கிறது. உணவு காரணமாகும், வெறும் பொழுதுபோக்கு ஆகாது என்பதே அங்கே பொதுவான நிலை. எங்கள் அப்பாவின் பரிசலும் அவர்களுடைய நாடாளுமன்றமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் தம்பி மகனுக்கு நான் முழுப் பதில் வைத்திருக்கவில்லை. பெரிய பாறை மீன்தான் நிறைய முட்டை இடும். அதை அடித்துத் தின்றால் கடலுக்கு இழப்பு. நீங்கள் சொல்கிறபடி தின்பதற்கென்று பிடித்தால், விடுவதைவிடக் கெடுதல் அல்லவா என்று கேட்டான். சரியான கேள்வி. சினை மீன் காலத்தில் அப்பாவும் வலையைச் சுருட்டி வைப்பார். நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. அதனால் என் பதில், அந்தப் பெரிய மீனைத் தேடியே போக வேண்டாம் என்பது. விட்டாலும் துன்பம், தின்றாலும் இழப்பு என்றால், அது நம் தூண்டிலுக்கு உரிய மீன் அல்ல.

இப்போதைக்கு நாங்கள் வந்து நிற்கும் இடம் இது. தை இரண்டாம் நாள் கோயிலில் திருவூடல் விழாவைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது. தனிப்படகுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஹேவ்லாக்கில் இன்னும் ஒருநாள் தங்குவது. பிள்ளைகளுக்குக் கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறையையும் மீன்களையும் காட்டுவது. தூண்டில் போட்டே ஆக வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தால், உள்ளூர் மீனவர் ஒருவரோடு கைத்தூண்டிலில் காலையில் போவது. அன்றைய குழம்புக்கு வேண்டியது கிடைத்ததும் நரம்பைச் சுற்றிவிட வேண்டும், ஏறியதை உடனே அடித்துவிட வேண்டும், அந்த வேலையை அவனே செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடிப்பது தன்னால் ஆகாது என்கிறான். அது ஆகாதென்றால் முள்ளைக் குத்துவது மட்டும் எப்படி ஆகும் என்று நான் கேட்டிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். டிக்கெட்டை எதற்கும் முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன், பொங்கல் சமயத்தில் விலை ஏறிவிடும்.