வழிகாட்டியின் தகுதி

வழி அறியாதவன் பிறரைப் பின்பற்றுவது அறிவுக்கு இழுக்கா? இவ்வினா எழும்போது, இப்னு பதூதா 1355-ஆம் ஆண்டில் சொல்லி எழுதுவித்து முடித்த பயண நூல் நம் நினைவுக்கு வருகின்றது.

வால்கா நதியை அடுத்த புல்கார் நகருக்கு அப்பால், 40 நாள் பயணத்தில் ‘இருள் நாடு’ உள்ளதென அவர் கூறுகின்றார். வழியெங்கும் உறைபனி. மனிதன் காலும் குதிரைக் குளம்பும் வழுக்கும். நகமுடைய நாயின் கால் மட்டுமே ஊன்றி நிற்கும். ஆதலின் வணிகர் நாய் பூட்டிய சிறு வண்டிகளிலேயே சென்றனர். அப்பாதையில் பன்முறை சென்று மீண்ட நாயே அவர்களுக்கு வழிகாட்டி. விலை 1000 தீனார் அளவு. அதனை எசமானன் அடிப்பதில்லை, ஏசுவதில்லை. நாய்களுக்கு இட்ட பின்னரே மனிதர் உண்பர். தவறினால் அது சினந்து ஓடிவிடும். எசமானன் மடிய நேரும்.

ஷாபிஈ மத்ஹபில் நாய் கடும் நஜீஸ். எனினும், பயிற்றிய நாய் முறைப்படி ஏவப்பட்டு வேட்டையாடிக் கொன்றது ஹலால். பயிற்றாதது கொன்றது ஹலாலன்று. இல்முக்கு மார்க்கம் தந்த மதிப்பு அதுவன்றோ!

குலமும் கோலமும் அல்ல, நடந்தறிந்த அறிவே வழிகாட்டியின் தகுதி. அதனை ஆராய்ந்து தேர்வது நம் அறிவின் கடமை. தேர்ந்தபின் பின்பற்றுவது இழுக்காகாது. ஆயின், ஒரு பிராணிக்கே முதல் உணவு என்றால், நம் மக்களுக்கு மார்க்கம் காட்டும் உஸ்தாதுகளின் இல்லங்களில் அடுப்பு எரிகின்றதா என்று பார்க்காமல் நாம் உண்ண அமர்வது எவ்வகை நீதி?