பாடு இல்லாத நாள்

வடசென்னையின் காசிமேட்டில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். படகு கரையணையும்போது கரையில் நிற்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பாடு எப்படி?" மீன் ஏறியிருந்தால் பதில் கூடைகளாக இறங்கும். ஏறாவிட்டால், கயிற்றை வீசும்போதே படகிலிருந்து குரல் வந்துவிடும்: "பாடு இல்ல!" இதைச் சொல்ல அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசு போயிற்று. படகுக்காரருக்கு நஷ்டம், கூடப் போனவர்களுக்குப் பங்கில்லை. வலையை உதறிப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்கள்.

பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் உண்டு. கடற்கரையில் அதுவே வருமானத்துக்கும் பெயர். துன்பத்துக்கும் வரவுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாழ்வதற்கு ஒரு மனப்பக்குவம் வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தப் பகுதியில் அந்தப் பக்குவம் மீனவருக்கு மட்டும் உரியதன்று. துறைமுகத்தில் இன்று சரக்கு வருமா என்று காத்திருப்பவர், ஒப்பந்த வேலை அடுத்த மாதமும் நீளுமா என்று தெரியாத ஆலைத் தொழிலாளி, எல்லோருமே நாளை என்ன என்று அறியாமல்தான் இன்று கண் விழிக்கிறார்கள். ஆகவே, நிச்சயமில்லாத ஒன்றில் கையை விடுவதே பிழை என்று நாம் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் கடலில் இறங்குவதும் பிழையாகிவிடும். ஆனாலும் கடலில் இறங்குகிறவர் வெறுங்கையோடு வீடு திரும்பிவிடுகிறார். சூதில் இறங்குகிறவரால் பல நேரங்களில் அது முடிவதில்லை. இரண்டு பேரும் ஒரே நிச்சயமின்மையின் முன்தானே நிற்கிறார்கள்?

எங்கள் தெருவில் ஒரு தம்பி. உறவில்லை, சின்ன வயதிலிருந்து பார்த்த பிள்ளை என்பதால் தம்பி. கொஞ்ச காலம் விசைப்படகில் போனார், பிறகு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், கை ஓய்ந்திருக்கும். ஐ.பி.எல். கிரிக்கெட் நடப்பதும் ஏறத்தாழ அந்த நாட்களில்தான். படகு வேலையில் இருந்தபோது அப்படி ஒரு கோடையில் கூட்டாளி ஒருவர் போனில் பந்தய ஆப் ஒன்றைக் காட்டினாராம். முதல் வாரத்தில் 2,000 ரூபாய் வந்தது. வேலை மாறிய பிறகும் அது கூடவே வந்தது. ஒரு நாள் டீக்கடையில் அவர் போனை மேசை விளிம்புக்குக் கீழே, தொடையோடு ஒட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். கண் இங்கும் அங்கும் போயிற்று. வெளிச்சம் மட்டும் முகவாயில் அடித்தது.

"என்ன தம்பி?" என்றேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் விட்டுட்டேன். விட்ட எடத்துலதாண்ணே புடிக்கணும். புடிச்சிட்டா இந்த ஆப்பையே தூக்கிடுவேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நாம் கவனிக்க வேண்டும். சூது எந்தக் கணத்தில் பொழுதுபோக்கிலிருந்து நோயாகத் திரும்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆசையால் ஆடுகிறவன் எழுந்து போய்விடலாம், அவனுக்கு இன்னும் எதுவும் பாக்கியில்லை. இழந்ததை மீட்க ஆடுகிறவனால் எழ முடியாது. அவன் இப்போது பணத்தைத் தேடவில்லை. நேற்று இருந்த தன்னையே தேடுகிறான், தவறு செய்யாதவனாக இருந்த அந்த மனிதனை. எத்தனை ஆயிரம் போயிற்று என்பதால் இதை அளக்க முடியாது. 500 ரூபாயிலும் இந்தத் திருப்பம் நேரலாம்.

வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதன் முதல் குறளிலேயே, சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிடுகிறார். காசிமேட்டில் நின்று படித்தால் அந்த உவமை வேறு மாதிரி உறைக்கிறது. தோல்வியைக் குறித்து அவர் அங்கே பேசவில்லை, அபாயம் வெற்றியில் இருக்கிறது என்கிறார். தம்பியின் 2,000 ரூபாய்தான் தொண்டையில் மாட்டிய முள். இன்னொரு குறளில் சூதாடும் கருவியையும் ஆடும் களத்தையும் சொல்லி, மூன்றாவதாகக் 'கை' என்கிறார். அதற்கு ஆடுவதற்கு வேண்டிய கைத்தொழில் என்று உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் சொல்கிறார். திறமை என்பதும் சூதின் ஓர் அங்கம்தான் என்று வள்ளுவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நம் காலத்தில் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக விவாதித்துவருவது இந்தக் 'கை'யைத்தான். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. அது திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கெல்லாம் முன்பே, 1968இல், அரசே பரிசுச் சீட்டு விற்றது, பரிசு விழாவிட்டாலும் நாட்டுக்குத்தானே என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொண்டு வாங்கினோம். 2003இல் லாட்டரிக்கே தடை வந்தது. அதற்குள் தினக்கூலியை அப்படியே சீட்டாக மாற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த எத்தனையோ கைகளை இந்தத் தெருக்கள் பார்த்துவிட்டிருந்தன. பிறகு சீட்டு போனுக்குள் புகுந்தது. 2022 ஜூன் மாதம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மணலி பகுதியில், இணைய ரம்மியில் நகையையும் பணத்தையும் இழந்த ஓர் இளம் தாய் உயிரை விட்டார். ஊரே உறைந்துபோனது. சில நாட்களுக்குள் நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது, அதையொட்டித் தடைச்சட்டமும் வந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றை விலக்கியது. 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து இணையத்தில் ஆடக்கூடாது என்று தமிழ்நாடு விதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை முழுவதுமாகத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த விதிகளில் என் மனம் தங்கியது அந்த ஐந்து மணி நேரத்தில்தான். யாரோ ஒருவர் சரியான இடத்தில் விரலை வைத்திருக்கிறார். வீடு தூங்கும் நேரம், கேட்க ஆளில்லாத நேரம் அது. படகுகளின் நிழலில் துண்டை விரித்து மூணு சீட்டு ஆடிய காலத்தில் தோற்றவனைப் பத்துப் பேர் பார்த்தார்கள். கேலி செய்தார்கள். விஷயம் காதுக்கு எட்டி அவன் அம்மாவோ மனைவியோ வந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போனதும் உண்டு. அந்த ஆட்டம் நல்லதென்று நான் சொல்ல வரவில்லை, அதில் அழிந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் அங்கே இழப்புக்குச் சாட்சி இருந்தது. போர்வைக்குள் ஒளிரும் போனில் தோற்பவனைப் பார்க்க ஒருவரும் இல்லை. யாரும் பார்க்காத இழப்பு நடக்கவே இல்லை என்று நம்பிக்கொள்ள மனத்துக்கு எளிது. நடக்காத ஒன்றை யாரிடம் சொல்வது?

இந்த ஆப்களின் விளம்பரங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அவற்றின் கடைசியில் ஒரு குரல் மூச்சுவிடாமல் ஓடும், அடிமையாக்கக்கூடியது, பொறுப்புடன் விளையாடுங்கள் என்று. பொறுப்பு என்ற சொல்லை நாம் அவ்வளவு வேகமாகக் கடந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் களத்தை நடத்துபவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். பத்துப் பேர் நூறு நூறு ரூபாயோடு உட்கார்ந்து விடியும்வரை ஆடினால், அந்தப் பத்துப் பேரிடமும் சேர்ந்து ஆயிரம் ரூபாய் மிஞ்சப்போவதில்லை. இதை அறிந்துகொண்டு, போனால் போகட்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கிய தொகையோடு, இத்தனை மணிக்கு எழுந்துவிடுவேன் என்ற வரையறையோடு உட்கார்ந்து, தீபாவளி இரவில் உறவினரோடு பத்து ரூபாய் ஆட்டம் ஆடி எழுபவர் நம் வீடுகளில் உண்டு. அவரிடம் நான் காணும் பொறுப்பு அந்த வரையறையில்கூட இல்லை. எவ்வளவு போயிற்று என்று மறுநாள் காலை மனைவி கேட்டால் அவர் உள்ளதைச் சொல்வார். முந்தைய தொகையில் அதே கிளர்ச்சி கிடைக்காமல் பந்தயம் ஏறுவது, ஆடாத நாளில் எரிச்சல் வருவது, ஆட்டத்துக்காகக் கடன் வாங்குவது, எல்லாமே நோயின் குறிகள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே, தொகையைக் குறைத்துச் சொல்கிற முதல் பொய் வந்துவிடுகிறது.

திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அறிவோம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று ஆணையிட வேண்டியிருந்தது. பிரிந்து திருவாரூர் போகும் நாள் வரும் என்று அவர் உள்ளம் அறிந்தே இருந்தது. ஆகவே, நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீர் எழுந்து மகிழடியில் போய் இரும் என்று இறைவனிடமே வேண்டிக்கொண்டார். சங்கிலியார் தரப்பில் கேட்டதோ மகிழடியிலேயே சத்தியம் வேண்டும் என்று! வேறு வழியின்றி அங்கே ஆணையிட்டார். பின்னர் அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது கண் பார்வை போயிற்று. பக்திக் கதையாக இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இப்போது அதில் வேறொன்றும் தெரிகிறது. சாட்சியில்லாத இடத்தில் சத்தியம் செய்யவே மனித மனம் எப்போதும் விரும்புகிறது. இனித் தொடமாட்டேன் என்று விடியற்காலை மூன்று மணிக்குத் தனக்குத்தானே ஆணையிட்டுக்கொள்பவனின் நிலையும் அதுதான். அவன் பொய் சொல்லவில்லை, அந்தக் கணத்தில் முழு மனதோடுதான் சொல்கிறான். ஆனால் வெற்றுச் சன்னிதியில் சொல்கிறான்.

மருத்துவம் இதை நோய் என்று ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு சூதாட்டக் கோளாறைக் குடி போன்ற அடிமைநோய்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை நம் வாசலில் இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவும் உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இலிருந்து இந்த நகரத்துக்குப் பணி செய்கிறது. அந்த ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதால், போக வேண்டியவர்கள் போகாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பழியில் நமக்கும் பங்கு உண்டு. குறளில் சூது அதிகாரத்துக்கு அடுத்து வருவது எது என்று எடுத்துப் பார்த்தேன். மருந்து.

மனிதன் நிச்சயமின்மையைத் தன் நெஞ்சுரத்தால் தாங்குகிறான் என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மை. படகில் ஆறேழு பேர் பங்குக்குப் போகும்போது இழப்பும் ஆறேழாகப் பிரிகிறது, கரையில் நிற்பவர் கேட்கும்போது அது சொல்லாகிறது, சொல்லானபின் அதற்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது, எல்லை உள்ள எதையும் மனிதனால் தாங்கி அடுத்த நாளுக்குள் போக முடிகிறது. சொல்லப்படாத இழப்புக்குத்தான் எல்லை கிடையாது. அது உள்ளேயே கிடந்து, தன்னைத் திருப்பிப் பெற்றுவிடு என்று ஒவ்வோர் இரவும் எழுப்புகிறது, அந்த எழுப்புதலுக்குப் பணிந்து போகும் ஒவ்வொரு முறையும் மறைக்க வேண்டியது இன்னும் கூடுகிறது, கடைசியில் பணம் எவ்வளவு போயிற்று என்பது சிறிய கணக்காகி, தன்னை அறிந்தவர் என்று உலகில் ஒருவர்கூட இல்லாத தனிமை அவனைச் சூழ்ந்துகொள்கிறது. சூது இறுதியாகப் பறிப்பது அந்த அறிந்தவர்களைத்தான்.

தம்பியின் மனைவியை நான் தண்ணீர் லாரி வரும் நேரத்தில் பார்ப்பேன். குடத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு கை கழுத்துக்குப் போகும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளும். செயின் அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று அவரும் மறைத்தார். ஒரே வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசற்படியில் உட்கார்ந்து தம்பி மனைவியிடம் தொகையைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குரலில். "அவ்ளோதானா, இன்னும் இருக்கா?" என்று அவர் கேட்டார். "இருக்கு" என்றார் தம்பி. அதையும் சொன்னார். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு என்னிடம் வந்தார். தண்டல்காரர், அடகுக்கடை, கூட வேலை செய்பவர்கள் என்று வரிசையாக எழுதி, எதிரே தொகை.

"இத நீங்க வெச்சுக்கோங்கண்ணே. மாசாமாசம் கேளுங்க."

ஸ்டான்லிக்கு இருவருமாகப் போய்வருகிறார்கள். கடன் அப்படியே இருக்கிறது, மஞ்சள் கயிறும் அப்படியே இருக்கிறது. நேற்று லாரி வந்தபோது பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். முந்தானையை இழுத்துக்கொள்ளவில்லை.