கடனும் கருணையும்

சிறிய உயிரைச் சிறிய இடத்தில் வைத்துக் காப்பாற்றுவது சுலபம் என்ற எண்ணம் நம்மிடம் விசாரணைக்கு உட்படாமலே இருந்து வருகிறது. குறைந்த இடம், குறைந்த செலவு, ஆகவே குறைந்த பொறுப்பு என்று கணக்குப் போகிறது. 20 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்க்க முற்படும்போது இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. விஷயம் வெறும் பொழுதுபோக்கு சம்பந்தப்பட்டதாகத் தோன்றலாம். எனக்கு அது அறவியல் பிரச்னையாகவே படுகிறது.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடுகிறது. 20 லிட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால் உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 37 கிராமாகிவிடும். 400 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் குறைவது கவனிக்கத் தக்கதே அல்ல. மீனின் உடலிலிருந்து வெளியேறும் அம்மோனியா மீனுக்கே விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைக் கெடுதல் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை புதுத் தொட்டியில் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காதவன் மீனை அதன் கழிவிலேயே முக்கிக் கொல்கிறான். தின்னாமல் விட்ட இரை, மணலுக்குள் செத்துக் கிடக்கும் நத்தை, மின்சாரம் போன ஒரு மத்தியானம், இவற்றில் எதுவும் போதும் முடிவுக்கு.

கடல் இதையெல்லாம் மன்னிக்கிறது. அதற்குக் காரணம் அதன் அளவு. வேறெந்த நற்குணமும் அல்ல. தொட்டியில் அந்த அளவு கிடையாது. அது இருந்த இடத்தில் ஒரு மனிதனின் கவனத்தை வைத்திருக்கிறோம். கடல் தன் போக்கில் செய்துகொண்டிருந்ததை அவன் தினமும் நினைவு வைத்துக்கொண்டு செய்தாக வேண்டும். தொட்டி சிறுக்கச் சிறுக்க அவன் மறதிக்கு இருக்கும் இடமும் சிறுத்துக்கொண்டே போகிறது.

இந்தக் கவனம் யாருடையது என்ற கேள்வி இதன் தொடக்க காலத்திலேயே இருக்கிறது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலய வளாகத்தில் வசித்த ஆன்னா தைன் என்ற சீமாட்டி 1846இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து கல்பவள உயிர்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். கடல் தொலைவில் இருந்ததால் அடிக்கடி தண்ணீர் மாற்ற வழியில்லை. ஆகவே அவர் வீட்டுப் பணிப்பெண் தினமும் அரைமணி, முக்கால் மணி நேரம் திறந்த ஜன்னலருகே நின்று, தண்ணீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். பின்னர் கடற்பாசிகளையும் சேர்த்தார்கள். பவளங்கள் பிழைத்தன. தைனின் பெயர் கடல்நீர்த் தொட்டியின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. கடல் அலையின் வேலையைத் தன் இரு கைகளால் செய்தவள் அதில் பணிப்பெண்ணாக மட்டுமே வருகிறாள். ஆசை ஒருவருடையதாகவும் அலுப்பு வேறொருவருடையதாகவும் இருக்கும்போது, ‘நான் அக்கறையோடு வளர்த்தேன்’ என்ற வாக்கியத்தில் ‘நான்’ யார்?

இதைவிடச் சிக்கலானது ஃபிலிப் ஹென்றி காஸ் விஷயம். 1854இல் வெளிவந்த அவருடைய ‘தி அக்வேரியம்’ என்ற புத்தகம் இங்கிலாந்தில் கடல்நீர்த் தொட்டி மோகத்தைக் கிளப்பிவிட்டது. காஸ் ஆழ்ந்த மத நம்பிக்கை கொண்டவர். பாறைக் குழிகளில் தேங்கிய கடல் நீரில் அவர் கண்டது இறைவனின் கைவேலை. அதை மற்றவர்களும் காணவேண்டும் என்றுதான் எழுதினார். கண்டார்கள், கண்டதை அள்ளிக்கொண்டும் போனார்கள். கடற்கரைக் குழிகள் வெறிச்சோடிப் போனதையும், அதில் தமக்கும் பங்கிருப்பதை உணர்ந்து தந்தை வருந்தியதையும் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான ‘ஃபாதர் அண்ட் சன்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். குரூரத்தால் நேர்ந்த அழிவென்றால் நமக்குப் பிரச்னை இல்லை, கண்டித்துவிட்டுப் போய்விடலாம். இங்கே அழிவுக்கு வழி காட்டியது ரசனை. 1960களில் பிலிப்பைன்ஸில் தொட்டி மீன்களைப் பிடிக்கப் பவளப் பாறைகளில் சயனைடு பீய்ச்சத் தொடங்கினார்கள். மீன் மயங்கிக் கைக்கு வந்தது, பவளம் செத்தது. இதன் மறுமுனையில் இருந்ததும் அழகை நேசித்த யாரோ ஒருவர்தான்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கோமாளி மீன் கடலிலும் நாடோடி அல்ல. ஒரு கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே குடியேறிய பிறகு, ஆயுள் முழுவதும் அதைவிட்டுச் சில மீட்டர் தள்ளிப் போவதே அபூர்வம். அப்படிப்பட்ட ஜீவனுக்குச் சிறு தொட்டி எப்படிச் சிறையாகும்? நியாயமான கேள்வி. ஆனால் சிறிய இடம் வேறு, மூடிய இடம் வேறு. கோமாளி மீன் கடலைத் தேடிப் போவதில்லை, கடல் அதைத் தேடி வருகிறது. நீரோட்டம் இரை கொண்டு வருகிறது, கழிவைக் கொண்டு போகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் அதே நீரோட்டத்தில் மிதந்து போய் வேறெங்கோ கரைசேர்கின்றன. அந்தச் சின்ன வீட்டுக்கு எல்லாப் பக்கமும் வாசல். (சின்ன இலக்கிய வட்டங்களைப் பற்றியும் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பார்க்கலாம். சிறியதாக இருப்பதால் அவை கெடுவதில்லை.)

இன்னொரு சமாதானம், இப்போது கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்கிறார்கள், கடலிலிருந்து எடுக்கவேண்டியதில்லை என்பது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். பாறைகளுக்கு இது நல்லது, சந்தேகமில்லை. கடலிடம் பட்ட கடன் இல்லாமலாகிறது. ஆனால் மீனிடம் பட்ட கடன்? பிடித்து வந்த மீனுக்குப் பறிபோன கடல் ஒன்றாவது இருந்தது. தொட்டியில் பிறந்ததற்கு அதுவும் கிடையாது. அதன் உலகம் முழுவதும் ஒருவனுடைய ஞாபக சக்தியைச் சார்ந்தே பிறந்திருக்கிறது.

வளர்க்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வளர்ப்பவன் தன் செயலுக்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொள்வதைத்தான் மறுக்கிறேன். ஏற்கனவே துன்பத்தில் இருக்கும் ஒன்றைச் சந்திக்க நேரும்போது பிறப்பது கருணை. இங்கே முதலில் நடந்திருப்பது அதிகாரம்: தன்னைச் சார்ந்தல்லாமல் வாழ முடியாத நிலையில் ஓர் உயிரை ஒருவன் கொண்டுவந்து வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் உப்பை அளப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அந்த முதல் செயலுக்கான திருப்பிச் செலுத்தல். கடமைக்கும் வாங்கிய பணத்துக்கும் கடன் என்ற ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருப்பது இங்கே பொருந்துகிறது. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவனை நாணயஸ்தன் என்கிறோம். வள்ளல் என்று யாரும் சொல்வதில்லை.

நன்கு பராமரித்தால் கோமாளி மீன் தொட்டியில் 20 ஆண்டுகளுக்கு மேல்கூட உயிர் வாழும். தவணைக் காலம் அவ்வளவு. வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு வாங்குவதாகத் தெரியவில்லை.